ரொட்டியும் தேநீரும்

என் செல்ல மகளுக்கு,

பயப்பட ஒன்றுமில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நாளாகப் பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வந்தது. கடையில் துணி வெட்டும்போது கத்தரிக்கோல் கிழித்த காயம் ஆறவே இல்லை. காலெல்லாம் சிவப்புப் புள்ளிகள். ஏதோ பெரிய வியாதி என்று நானே முடிவுகட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

டாக்டரம்மா ஈறைப் பார்த்துவிட்டு, "தினமும் என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார்.

"காலையில ரொட்டியும் டீயும்மா."

"சரி, மத்தியானம்?"

"அதேதான்."

"எப்பலேர்ந்து?"

உன் அம்மா போனதிலிருந்து என்று சொல்ல வாய் வரவில்லை. "கொஞ்ச நாளா" என்றேன்.

ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் சி அடிமட்டத்தில் இருந்தது. "மாத்திரை கொஞ்ச நாளைக்குத்தான். அப்புறம் சாப்பாடுதான் மருந்து. ஆரஞ்சு, தக்காளி, குடைமிளகாய் சாப்பிடுங்க. முட்டைக்கோஸை ரொம்ப வேகவிடாதீங்க, சத்து போயிடும்" என்றார்.

அதற்குச் சமையலறைக்குள் போக வேண்டுமே! வாசலிலேயே சற்று நேரம் நின்றேன். பிறகு போனேன். முதல் நாள் சட்டி கருகியது. இப்போது ஈறில் ரத்தம் இல்லை, காயமும் ஆறிவிட்டது.

நேற்று பழக்கத்தில் கை இரண்டு தட்டு வைத்துவிட்டது. ஒன்றைத் திரும்ப எடுக்க மனம் வரவில்லை. மாடிவீட்டு முடிதிருத்துபவரைக் கூப்பிட்டேன். அவரும் தனி ஆள்தானே. "உப்பு கம்மிண்ணே" என்று சொல்லிக்கொண்டே இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார். போகும்போது, "நாளைக்கு என்ன சமையல்?" என்றார்.

இத்தோடு முடிக்கிறேன். அவர் வருவதற்குள் குடைமிளகாய் நறுக்க வேண்டும்.

உன் அப்பா