சுவிட்ச் போடும் முன்னே

அன்புத் தங்கைக்கு,

பெரிய பேரன் மேனேஜராகிவிட்டான். சின்னவள் நீச்சலில் கோப்பை வாங்கினாள். நடுப்பேத்தி, தான் வேலை பார்க்கும் மருத்துவமனையில், சர்க்கரையால் மரத்த என் கால் நரம்பை மின்சாரம் வைத்து வளர்க்கப் பார்க்கிறாள்.

முதல் நாள், "பாட்டி, ஏதாவது தெரியுதா?" என்றாள். பிள்ளை முகம் வாடக்கூடாதே என்று, "ஜிவ்வுனு ஏறுதுடி" என்றேன்.

"இன்னும் சுவிட்சே போடல! இப்படிப் பொய் சொன்னா, புண்ணு வந்தாலும் தெரியாம காலையே எடுக்க வேண்டி வரும்" என்று அழுதுவிட்டாள்.

அப்புறம் மூன்று மாதமும் "ஒண்ணும் தெரியல" என்று உண்மையையே சொன்னேன். நேற்று வீட்டுச் சுவரில் இருந்த உன் படம் விழுந்து உடைந்தது. கண்ணாடிச் சில்லை மிதித்து, "ஐயோ, வலிக்குதே!" என்று அலறினேன். ஓடிவந்த நடுப்பேத்தி, "இன்னொரு தடவ சொல்லு பாட்டி!" என்று குதிக்கிறாள்.

ரத்தம் உன் முகத்தில்தான் பட்டது. புதுப் படம் ஒன்று தபாலில் அனுப்பு. அதிலாவது முறைக்காமல் இரு.

உன் அக்கா