படத்தில் அப்பாவின் செருமல்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்கிறாளா?

"ஃப்ரீலான்ஸ் சவுண்டு வேலைன்னா, யாரும்மா உனக்கு முதலாளி?" என்று கேட்டீர்களே. முதலாளி இன்னமும் இல்லை, ஆனால் வேலை கொடுக்க ஒரு இயக்குநர் கிடைத்திருக்கிறார். அவருடைய குறும்படத்தின் வீட்டுக் காட்சிக்கு, போன விடுமுறையில் நம் சமையலறையில் பதிவு செய்ததைப் பின்னணியாகப் போட்டேன். குக்கர் விசில், மின்விசிறி எல்லாம் கச்சிதம். நடுவில் நீங்கள் தொண்டையைச் செருமியதை மட்டும் வெட்ட மறந்துவிட்டேன். இயக்குநருக்குப் போட்டுக் காட்டும்போதுதான் கவனித்தேன்.

இயக்குநர் நிமிர்ந்தார். "யாருங்க அது?"

"எங்கப்பா சார். எடுத்துடறேன்."

"தொடாதீங்க. இப்பதான் வீடு மாதிரி இருக்கு" என்றார். அடுத்த இரண்டு படங்களும் எனக்குத்தான்! படத்தின் பெயர்ப் பட்டியலில் 'ஒலி' என்று என் பெயர்தான் வரும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு சின்ன உதவி. நீங்கள் இருவரும் சாப்பிடும்போது, கைப்பேசியில் ஒலிப்பதிவைத் தொடங்கி, சாப்பாட்டு மேசையில் அரை மணி நேரம் வைத்துவிடுங்கள். அம்மாவிடம் சொல்லாதீர்கள், சொன்னால் வாயைத் திறக்க மாட்டாள். வேலைக்குத்தான் கேட்கிறேன்.

ஸ்டுடியோவில் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன். படத்துக்கு ஐந்து நிமிடம் போதும் அப்பா. மீதி எனக்கு.

உங்கள் மகள்