சிவப்பு அட்டை கட்டிய நாற்காலி

அக்கா,

இன்று காலை கம்பெனி பஸ் ராயக்கோட்டை சாலையில் ஒரு மரவாடி முன்னால் நின்றுவிட்டது. முன்னே ஏதோ லாரி குறுக்கே கிடந்தது. அறுத்த வேப்பமரத்தின் வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. பக்கத்து சீட்டுப் பெண், "என்னாது இது, ஒரே கசப்பு நாத்தம்" என்று துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள். எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்த கையோடு கோபமும் வந்தது. நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்து இன்னொன்று தொடங்கிவிட்டது. செத்தவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு இருக்கிறது. இதில் கொட்டிவிடுகிறேன்.

நம் மரவேலைக் கூடத்துக்கு நான் முதன்முதலில் வந்தபோது நீங்கள்தான் கதவருகே நின்றிருந்தீர்கள். ஓசூருக்கு வெளியே, ஒரு காலத்தில் ரோஜாப்பூ கட்டி அனுப்பிய பழைய ஷெட். பூ வியாபாரம் வேண்டாமென்று விட்ட முதலாளி, தன் சொந்தக்காரரான சந்திரப்பாவை நம்பிச் சாவியைக் கொடுத்திருந்தார். சந்திரப்பா ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். நீங்கள் இன்னொரு கம்பெனியில் ஸ்டோர்ஸ். நான் க்வாலிட்டி. வந்தவர்களில் யாருக்கும் மரவேலை தொழில் இல்லை. பகலெல்லாம் இரும்பைத் தொட்டுச் சலித்தவர்கள், கொஞ்ச நேரம் மரத்தைத் தொடலாம் என்று சேர்ந்த கூட்டம். சம்பளக்காரர் யாரும் கிடையாது. கூட்டுவது, உளி தீட்டுவது, கரண்ட் பில் கட்டுவது எல்லாம் நாமே.

"பேரு, ஊரு அப்புறம் சொல்லு. மொதல்ல கூந்தலைக் கட்டு, மிஷின்ல மாட்டிக்கும்." இதுதான் நீங்கள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. கெலமங்கலத்துப் பக்கம் தக்காளி போடும் குடும்பம் உங்களுடையது. எங்களோடு தமிழ், சந்திரப்பாவோடு கன்னடம், அளவெடுக்கும்போது மட்டும் உங்களை அறியாமல் வாய்க்குள் தெலுங்கு. டேப்பைப் பிடித்துக்கொண்டு "பதமூடு, பத்னாலுகு" என்று முணுமுணுப்பீர்கள். அந்த நேரத்தில் யாராவது குறுக்கே பேசினால் தொலைந்தார்கள்.

அப்போது கூடத்தின் பெரிய தலைவலி, பாதியில் விட்ட வேலைகள். ஆர்வமாக வருவார்கள், நாலு பலகையை இழைப்பார்கள், பிறகு ஆளைக் காணோம். போன் போட்டால், "வர்றேன் அக்கா, எடுத்துடாதீங்க" என்பார்கள். முக்காலி, டீப்பாய், முடியாத கட்டில் என்று ஷெட் நிரம்பி, நிற்கவே இடமில்லாமல் போயிற்று. நான் ஒரு பலகையை இழைக்க வேண்டுமென்றால் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

அதற்கு நீங்கள் கண்டுபிடித்த மருந்துதான் அந்தச் சிவப்பு அட்டை. நம் எல்லாருக்கும் கம்பெனியில் பழகியதுதானே! வேண்டாத பொருள் என்று பட்டால் அதில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டுவது, கெடு முடிந்தும் யாரும் உரிமை கேட்காவிட்டால் வெளியே தள்ளுவது. அதை அப்படியே கூடத்துக்குக் கொண்டுவந்தீர்கள். யார் வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் அட்டை கட்டலாம். மாதக் கடைசி ஞாயிறு கூட்டத்துக்குள் பொருளின் சொந்தக்காரர் நேரில் வந்து தன் கையால் கழற்ற வேண்டும். போனில் சொன்னால் செல்லாது, வேறொருவர் கழற்றினாலும் செல்லாது. கட்டியவர் பெயர் அட்டையில் இருக்காது. "பேரு போட்டா சண்டை வரும்" என்றீர்கள். கழற்றாத பொருளை வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். யாருக்கும் வேண்டாமென்றால் எதிரே இருக்கும் டீக்கடை அடுப்புக்கு.

உண்மையைச் சொல்ல வேண்டும், மருந்து வேலை செய்தது. இரண்டு கூட்டத்தில் ஷெட் காலியானது. சந்திரப்பா கைதட்டினார். காற்று வந்தது, வெளிச்சம் வந்தது. உங்களுக்குத் தலைகால் புரியவில்லை. கம்பெனிப் பொருளுக்குச் சொந்தக்காரன் கம்பெனி, இங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு மனுஷன் சொந்தக்காரன் என்று அன்றைக்கு யாருக்கும் உறைக்கவில்லை.

முருகேசன் விஷயத்தில்தான் உறைத்தது. போச்சம்பள்ளி கம்பெனியில் ஷிப்ட் வேலை, ஊர் மதுரைப் பக்கம். மனைவிக்காக ஓர் அஞ்சறைப் பெட்டி செய்துகொண்டிருந்தார். மூடி மட்டும் பாக்கி. அதில் யாரோ அட்டை கட்டியிருந்தார்கள். கூட்டத்தன்று அவருக்கு ஓவர்டைம். முடிந்ததும் பைக்கை விரட்டிக்கொண்டு, சாப்பிடாமல்கூட வந்து சேர்ந்தார். கூட்டம் முடிந்து நாமெல்லாம் பெருக்கிக்கொண்டிருந்தோம்.

"அக்கா, ஷிப்ட் முடிஞ்சு நேரா வாரேன். என் பெட்டி எங்க?"

"கூட்டம் முடிஞ்சுடுச்சு, முருகேசு."

"அரை மணி நேரந்தானக்கா..."

நீங்கள் மறுபடியும் பெருக்க ஆரம்பித்தீர்கள். அவர் திரும்பி டீக்கடையைப் பார்த்தார். சத்தம் போடவில்லை, திட்டவில்லை. அதன் பிறகும் கூடத்துக்கு வந்தார். ஆனால் செய்வதையெல்லாம் சாக்கில் போட்டு பைக்கிலேயே கட்டிக்கொண்டு போய்விடுவார். நீங்கள் அன்றோடு அந்தக் கடையில் டீ குடிப்பதை நிறுத்தினீர்கள். கடைக்காரர் "அக்காவுக்கு என்ன கோவம்?" என்று என்னிடம் கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல!

"ரூலை மாத்துங்கக்கா" என்று உங்களிடம் எத்தனை தரம் கெஞ்சியிருப்பேன்! "நானே போட்டு நானே மாத்துனா, எனக்குத் தோணறதெல்லாம் ரூலுன்னு ஆயிடும். வேற யாராச்சும் கூட்டத்துல எழுந்து கேக்கட்டும். ஆதரிக்க ஒரு கை போதும், எடுத்துக்குவோம்" என்பீர்கள். கேட்க வேண்டிய ஷிப்ட்காரர்கள் ஞாயிறு வர முடியாது. ஞாயிறு வருகிறவர்களின் பொருளுக்கு அட்டையால் ஆபத்தே இல்லை. பிறகு எனக்கும் ஞாயிறு ஷிப்ட் விழ ஆரம்பித்தது. லீவு கிடைத்து நான் எழுந்து கேட்பதற்குள் நீங்கள் படுக்கையில் விழுந்துவிட்டீர்கள்.

அப்போது நீங்கள் அந்த நாற்காலியைச் செய்துகொண்டிருந்தீர்கள். வேப்ப மரம், கைவைத்த நாற்காலி. "யாருக்கு அக்கா?" என்று கேட்டால், "எனக்கு. பொறந்ததுலேருந்து எனக்குன்னு ஒரு நாற்காலி கெடையாது. வீட்ல தரையில, ஸ்டோர்ஸ்ல ஸ்டூலு. ரிட்டையர் ஆயி இதுல சாஞ்சு உக்காந்து, யாரு வந்தாலும் எழுந்திருக்க மாட்டேன், பாத்துக்கோ" என்று சிரிப்பீர்கள். கால்கள் நின்றுவிட்டன. கைகள் பொருந்திவிட்டன. முதுகுப் பலகைதான் பாக்கி. மருத்துவத்துக்கு பெங்களூர் போய்வர ஆரம்பித்த பிறகும், நான் பார்க்க வரும்போதெல்லாம் வலியைப் பற்றிப் பேச மாட்டீர்கள். "என் நாற்காலி இருக்குதா? ஈரம் படாம வெச்சிருக்கியா?" அவ்வளவுதான் கேட்பீர்கள். எழுந்து நடந்தால் முதலில் போகிற இடம் கூடம்தான் என்று உங்கள் வீட்டுக்காரரிடமும் சொல்லி வைத்திருந்தீர்கள்.

அந்த நாற்காலியில் ஒருநாள் சிவப்பு அட்டை தொங்கியது.

ஆள் உயிருக்குப் போராடுகிறது, எந்தப் பாவி இதைக் கட்டினான் என்று ஷெட்டே அதிரக் கத்தினேன். அட்டையைப் பிய்த்து எறிந்தேன். மறுநாள் புது அட்டை இருந்தது. சந்திரப்பா, "நீ கழட்டினா செல்லாதும்மா, தெரியாதா?" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். "அப்போ நீங்கதானே கட்டினது?" என்றேன். அவர் இல்லை என்று சொல்லவில்லை. அன்று நான் அவரைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்று வாங்கிக்கொண்டார்.

அந்தக் கடைசி ஞாயிறு சண்டை போட்டு லீவு வாங்கிப் போனேன். எழுந்து நின்று கேட்டேன். அக்காவுக்கு மட்டும் சலுகை கேட்கவில்லை, எல்லாருக்குமாகத்தான் கேட்டேன். வர முடியாதவர் சொல்லி அனுப்பினால் போதும் என்று ரூலை மாற்றுங்கள், முருகேசனுக்குச் செய்தது போதும், இனி யாருக்கும் செய்யாதீர்கள் என்றேன். சந்திரப்பா தலை நிமிர்ந்தார். "சரி. இதை ஆதரிக்கிறவங்க யாரு? ஒரு கை போதும்" என்றார்.

யாரும் தூக்கவில்லை அக்கா. உங்களிடம் உளி பிடிக்கப் பழகியவர்கள், உங்கள் வீட்டுத் தக்காளியைப் பை பையாகத் தூக்கிப்போனவர்கள், எல்லாரும் இருந்தார்கள். கெட்டவர்கள் என்று ஒருவரையும் சொல்ல மாட்டேன். மேலதிகாரி முகத்தைப் பார்த்துத்தான் கை தூக்க வேண்டும் என்று கம்பெனியில் பழகிய கைகள். சந்திரப்பாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அதனால் சும்மா இருந்தார்கள். ஒருவர் செல்போனை நோண்டினார். ஒருவர், "நல்லாத்தானே போய்க்கினு இருக்குது, இப்ப எதுக்கு மாத்திக்கினு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் முனகினார். சந்திரப்பா இன்னொரு தரம் கேட்டார். ரொம்ப நேரம் காத்திருந்தார். பிறகு, "ஆய்த்து" என்று கன்னடத்தில் சொல்லி முடித்தார்.

நானே அதை எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தக் கோபத்தில் எனக்குத் தோன்றவில்லை, எழுந்து வெளியே வந்துவிட்டேன். முதுகு இல்லாத நாற்காலி வேறு யாருக்கும் வேண்டாம். அது எங்கே போனது என்று உங்களுக்குத் தெரியும்.

அதற்குப் பின் கூடம் மெல்ல மெல்லச் செத்தது. அக்காவுக்கே இந்தக் கதி என்றால் நமக்கு என்ன என்று எல்லாரும் முருகேசனைப் போலச் சாக்கைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். தூக்கிச் சுமக்க முடியாத வேலையை யாரும் தொடங்கவே இல்லை. கட்டில் போச்சு, அலமாரி போச்சு. கடைசியில் செல்போன் ஸ்டாண்டும் சாவி மாட்டும் பலகையுமாக இருந்தது. அதை வீட்டிலேயே செய்யலாமே! ஆள் குறைந்தது. கூட்டத்துக்கும் ஆள் இல்லை. கடைசி ஞாயிறுகளில் சந்திரப்பா மட்டும் தனியாக வந்து ஷெட்டைத் திறப்பார், பெருக்குவார், பூட்டுவார். மிஷின்களை ஒரு ஐடிஐக்குக் கொடுத்துவிட்டோம். இப்போது அங்கே முட்டைக்கோஸ் மூட்டை அடுக்கியிருக்கிறது.

நான் உங்களைக் கடைசியாகப் பார்த்தது கூட்டம் நடந்த அந்த வாரத்தில்தான். இந்தக் கோபத்துக்குக் காரணம் அன்று நீங்கள் சொன்னதுதான்.

படுக்கையில் எலும்பும் தோலுமாக இருந்தீர்கள். நான் பொய் சொல்லும் முடிவோடுதான் வந்தேன். நீங்கள் நாற்காலி இருக்கிறதா என்று கேட்கவே இல்லை.

"கூட்டத்துல யாராச்சும் கேட்டாங்களா?" என்றீர்கள்.

"என்ன கேக்கணும்?"

"ரூலை மாத்தச் சொல்லி."

"நான் கேட்டேன் அக்கா."

உங்கள் முகம் அப்படி மலர்ந்ததே! "எனக்குத் தெரியும், நீ கேப்பேன்னு. எத்தினி கை?"

நான் உங்கள் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். நீங்கள் புரிந்துகொண்டீர்கள். கண்ணை மூடிக்கொண்டீர்கள். பிறகுதான் சொன்னீர்கள். சந்திரப்பாவுக்குப் போன் போட்டு உங்கள் நாற்காலியில் அட்டை கட்டச் சொன்னதே நீங்கள்தான் என்று. யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று அந்த மனுஷனிடம் சத்தியம் வாங்கியிருந்தீர்கள்.

"முருகேசுக்காக யாரும் எழுந்திருக்கல. எனக்காகன்னா எழுந்திருப்பாங்க, அந்தச் சாக்குல ரூலு மாறிடும்னு நெனச்சேன். நாற்காலி போனா போவுது, விடு. இனிமே கூடம் நிக்காது, பாத்துக்கோ."

அன்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றபோதுதான் கோபம் வந்தது. ஆசைப்பட்டுச் செய்த ஒரே பொருளை இப்படிப் பணயம் வைப்பார்களா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கிருஷ்ணகிரி வரை போய் ஷிப்ட்காரர்களை ஒவ்வொருவராக இழுத்து வந்திருப்பேனே! அதையும் நீங்கள் விரும்பியிருக்க மாட்டீர்கள். கை தானாக எழ வேண்டும் உங்களுக்கு. அந்தப் பிடிவாதத்தை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. சந்திரப்பாவைப் போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, "வுடும்மா. யாராவது ஒருத்தர் தூக்குவாங்கன்னு நானும் பாத்துக்கினே இருந்தேன்" என்றார். அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

போன வாரம் எங்கள் கம்பெனியில் தொழிலாளர் கமிட்டிக் கூட்டம். எல்லாம் முடிந்து கிளம்பும் நேரத்தில், கேன்டீனில் பாத்திரம் தேய்க்கும் ஒரு கான்ட்ராக்ட் அம்மா பின் வரிசையில் கையைத் தூக்கினார். அதுவரை அங்கே கை தூக்கியே அறியாதவர். அறையே திரும்பிப் பார்த்தது. அவர் வாய் திறப்பதற்குள் என் கையும் மேலே போய்விட்டது.

"நீங்க எதுக்கு மேடம் கை தூக்கறீங்க?" என்றார் எச்ஆர்.

"அந்தம்மாவை ஆதரிக்கிறேன் சார்."

"அவங்க இன்னும் விஷயத்தையே சொல்லலையே!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் கையை இறக்கவில்லை அக்கா.

"சொல்லட்டும் சார்" என்றேன்.