சதுரங்கத்துக்கு வேர்க்காதாம்

ஞாயிற்றுக்கிழமை, மெர்லிமாவ், மலேசியா

ஐம்பத்திரண்டு வயதில் இன்று கோபமாக வெளிநடப்புச் செய்தேன், கோயில் தலைவர் ராசப்பனின் செருப்பைப் போட்டுக்கொண்டு. வீட்டு வாசலில் மனைவி சொன்ன பிறகுதான் தெரிந்தது.

கோயில் மண்டபத்தில் தீபாவளி விளையாட்டு நாளுக்கான கூட்டம். ராசப்பன் போட்டிப் பட்டியலிலிருந்து சதுரங்கத்தை அடித்துவிட்டார்.

"தம்பி, விளையாட்டுன்னா வேர்க்கணும் லா. உட்கார்ந்து யோசிக்கிறதுக்கு எதுக்குப் பரிசுக் கிண்ணம்?"

"கரண்டியில எலுமிச்சம்பழம் வச்சிக்கிட்டு நடக்கிறது விளையாட்டாண்ணே? அதுல யாருக்கு வேர்க்குது, பழத்துக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"உன் தொப்பைக்கு ஏத்தது செஸ்தான், ஒத்துக்கிறேன்" என்றார். அதற்கும் அதே ஆட்கள் சிரித்தார்கள். அதுதான் இன்னும் எரிகிறது. இவர் கடைசியாக ஓடியது விருந்தில் ஆட்டுக்கறி தீரப்போகிறது என்று கேட்டபோதுதான்.

ஓட்டம், கயிறு இழுப்பு எதிலும் ஒரு கிண்ணம்கூட வாங்காதவன் நான். வாங்க முடியும் என்று நம்பியிருந்த ஒரே கிண்ணத்தையும் பிடுங்கிவிட்டார்கள். கத்திய கத்தலில் என் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிவிட்டது. அதையாவது திரும்பிக் காட்டியிருக்கலாம்.

போட்டியாளர் பட்டியலும் என் சட்டைப்பையிலேயே வந்துவிட்டது. இப்போதுதான் பிரித்துப் பார்த்தேன். சதுரங்கத்துக்குப் பெயர் கொடுத்திருப்பது நான் ஒருவன்தான்.