ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய மனைவி

என்னங்க,

ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்ததும் முதலில் சாப்பிடுங்கள். அடுப்பு மேல் மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

மத்தியானம் என் அண்ணன் ஏணியைத் திருப்பித் தர வருவார். வாசலிலேயே சாய்த்து வைத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டேன். உள்ளே வர வேண்டாம். நேற்று அவர் ஃபிரிட்ஜ் கதவில் இருந்த அட்டையை உரக்கப் படித்துவிட்டுச் சிரித்தது போதும்.

'அப்ஸ்டினேட்: பிடிவாதமான. உதாரணம்: என் மனைவியை விட அப்ஸ்டினேட் ஆன ஆள் கிடையாது.'

சூப்பர்வைசர் பரீட்சைக்கு ஆங்கிலம் படிப்பது நீங்கள். கண்ணாடி, அலமாரி, குளியலறைக் கதவு என்று வீடு முழுக்க நீங்கள் ஒட்டிய அட்டைகளில் மானம் போவது எனக்கு. கேட்டால், "உன்னை வச்சு எழுதினாத்தான் மனசுல நிக்குது" என்று ஒரு சமாதானம் வேறு.

காலையில் எல்லாவற்றையும் கிழித்துப் போடத்தான் போனேன். நாளைக்குப் பரீட்சையாயிற்றே என்று கையைக் கட்டிக்கொண்டேன். அந்த ஃபிரிட்ஜ் அட்டை மட்டும் உங்கள் தலையணைக்கு அடியில் இருக்கிறது. படித்துவிட்டுத் தூங்குங்கள்.

சாவி வழக்கமான இடத்தில்.

பி.கு.: மேசையில் இன்னொரு அட்டை பார்த்தேன். 'இன்டிஸ்பென்சபிள்: இல்லாமல் முடியவே முடியாத.' உதாரணத்துக்கு இடம் விட்டிருக்கிறீர்கள், ஒன்றும் எழுதக் காணோம். திட்டுவதற்கெல்லாம் நான் கிடைத்தேன், இதற்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லையா? பேனா பக்கத்திலேயே இருக்கிறது.

எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். அண்ணன் வந்ததும் எழுந்து அவரை உள்ளே கூப்பிடுங்கள். அதையும் உரக்கப் படிக்கட்டும்.