மணல் நிற என்ஜினுக்குப் பக்கத்தில் நிற்பவர்

அக்டோபர் 1, 1925, வியாழன். குன்னூர்.

காலையிலிருந்து விடாத மழை. ஸ்டுடியோவுக்குப் படம் எடுத்துக்கொள்ள ஒருவரும் வரவில்லை. இந்த ஈரத்தில் தலை சீவிப் பவுடர் போட்டுக்கொண்டு யார் வருவார்கள்? கையூம் பாய் கதவைப் பாதி சாத்திவிட்டு ஜவுளிக்கடைக்குப் பேசப் போய்விட்டார். முதலாளி என்றால் அப்படித்தான்.

மத்தியானம் ஹார்வி துரை வீட்டிலிருந்து பெட்டி வந்தது. பதினொரு கண்ணாடி பிளேட், எல்லாமே ரயில். அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டமாம். அதற்குள் மாஜிக் லாந்தரில் காட்ட ஸ்லைடு செய்து தர வேண்டும்.

அந்தக் கூட்டத்தைப் பற்றி நான் இதில் எழுதியதே இல்லை. மூன்று பேர்தான். ஹார்வி துரை சீமை ரயில்வேயில் இருந்துவிட்டு இங்கே குளிருக்காகக் குடியேறியவர். ராப்சன் துரை கட்டபெட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மானேஜர். மூன்றாவது நம் சில்வஸ்டர் மாமா, முப்பது வருஷம் மலை ரயில் ஓட்டியவர். மாதம் ஒரு தடவை ஹார்வி துரை வீட்டில் ஜன்னல் சீலையை இழுத்துவிட்டு, சுவரில் வெள்ளைத் துணி கட்டி, சீமை ரயில்களைப் பார்ப்பார்கள். பார்ப்பதோடு விட்டால் பரவாயில்லை. ஒரு புகைபோக்கிக்குச் செம்பு வளையம் உண்டா இல்லையா என்று ஒரு மணி நேரம் வழக்கு நடக்கும். மாமா சீமைக்குப் போனதே கிடையாது. ஆனால் அங்கே எந்த ஸ்டேஷனில் எத்தனை பிளாட்பாரம் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார். துரைமார் அவரிடம் கேட்டுத்தான் சரிபார்த்துக்கொள்கிறார்கள். இருந்தாலும் அவர்களுக்கு நாற்காலி, மாமாவுக்கு ஸ்டூல்.

ஸ்டுடியோவில் படங்களின் குறையை மசி தொட்டுச் சரிசெய்வது என் வேலை; அங்கே லாந்தரில் ஸ்லைடு மாற்றுவதும் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முதல் கல்யாண ஓலை; மூன்று ஞாயிறு வாசித்து யாரும் தடை சொல்லாவிட்டால் கல்யாணம். செலஸ்டினுக்கும் எனக்கும். சந்தோஷமா என்று வீட்டுக்காரம்மா கேட்டாள். ஆமாம் என்றேன். இருக்கும்.

அக்டோபர் 3, சனி

இன்று எட்டாவது பிளேட். உறையின் மேல் ராப்சன் துரை கையெழுத்தில் ‘பாஸ்ரா, ஜனவரி 1920’.

துரை பெரிய சண்டையின்போது பாஸ்ரா ரயில்வேயில் இருந்தவர். ஹார்வி துரை சின்ன வயதில் தகப்பனாரோடு பாலத்தின் மேல் நின்று பார்த்த அதே ஜாதி என்ஜின், சண்டைக்காகக் கப்பலேறிப் பாலைவனத்துக்குப் போயிருக்கிறது. அதைப் படத்தில் பார்க்கப் போகிறோம் என்று ஒரு மாதமாக அவருக்குக் கால் தரையில் இல்லை. நம்பர், எழுத்து எல்லாவற்றின் மேலும் மணல் நிறம் அடித்துவிட்டதாக உறையில் குறிப்பு இருக்கிறது. அதனால் படத்தில் ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை.

பெரிய சக்கரத்தின் ஓரத்தில் ஒருவர் நிற்கிறார். ஒரு காலை மடக்கி, உடம்பைச் சாய்த்து. தலைத்துண்டின் நிழல் கண் வரைக்கும் விழுந்திருக்கிறது. என் புருஷன் லூயிஸ் அப்படித்தான் நிற்பார்.

லூயிஸ் சில்வஸ்டர் மாமாவின் என்ஜினில் ஃபயர்மேன். கல்யாணமாகி இரண்டாம் வருஷம், 1916இல், பாஸ்ராவுக்கு ஆள் எடுத்தார்கள். பெயர் கொடுத்துவிட்டு வந்துதான் என்னிடம் சொன்னார். 1918 மார்ச்சில் காகிதம் வந்தது. ஆஸ்பத்திரியில், ஜுரத்தில், இறந்துவிட்டார்.

இந்தப் படம் 1920.

படத்தில் இருப்பவருக்கு ஒரு கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் பாதிதான் இருக்கின்றன. லூயிஸுக்கும் அப்படி. ரயில் பெட்டி கோக்கும்போது நசுங்கியது. ஆனால் அவருக்கு இடது கை. கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இது வலது கை. அவரில்லை.

மேல்கண்ணாடி வைத்து, ஓரத்துக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டி, வெள்ளைப் புள்ளியையும் ஒட்டினேன். ஸ்லைடில் படம் பதியும் மருந்து பூசிய பக்கம் நம்மைப் பார்க்க வைத்து, இடது கீழ் மூலையில் புள்ளி ஒட்ட வேண்டும். லாந்தரில் போடும்போது அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் போடுவது. இல்லாவிட்டால் படத்தில் இடம் வலமாகிவிடும். எட்டு வருஷமாக ஒட்டுகிறேன்.

ஒன்பதாவது பிளேட்டையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அக்டோபர் 4, ஞாயிறு

ஓலை வாசித்தார்கள். ‘காலஞ்சென்ற லூயிஸ் என்பவரின் விதவை ஜெஸிந்தா.’ இந்தக் கல்யாணத்துக்கு விக்கினம் ஏதும் தெரிந்தவர்கள் சுவாமியாரிடம் அறிவிக்கக் கடவார்கள். பின்னால் யாரோ இருமினார்கள். வேறொன்றுமில்லை.

அக்டோபர் 7, புதன்

சந்தை நாள். செலஸ்டின் கட்டபெட்டிலிருந்து வந்திருந்தார். அவர் அங்கே ஃபாக்டரியில் டீ மேக்கர். பெண்சாதி இறந்து நாலு வருஷம். வாய் அதிகம் திறக்காத மனிதர். ஸ்டுடியோ வாசலில் நின்று குடையை மடக்குவதும் விரிப்பதுமாக இருந்தார். கடைசியில் சொன்னார்: “ஊட்டுல தெக்குப் பக்கம் ஒரு ஜன்னல் வெச்சுட்டனுங்க. நீங்க படத்துக்கு மசி தொடற வேலையை அங்கயும் செய்யோணும்னா வெளிச்சம் வேணுமில்லீங்க.”

எனக்காக ஒருவர் சுவரை இடித்திருக்கிறார். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஆனால் அந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. இதை எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 9, வெள்ளி

ஹார்வி துரை வீடு. மூன்று மணிக்கே ஆரம்பித்துவிட்டார்கள். வழக்கம்போல முதல் ஏழு படத்துக்கும் சண்டை. எட்டாவதைப் போட்டேன். ஹார்வி துரை எழுந்தே நின்றுவிட்டார். பாலத்தின் மேல் தகப்பனார் தன்னைத் தோளில் தூக்கி வைத்ததையும், புகை வந்து மூடியதையும், தொப்பி பறந்து ஆற்றில் விழுந்ததையும் சொன்னார். ராப்சன் துரை அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

சில்வஸ்டர் மாமா மட்டும் துணிக்குக் கிட்டே போய்க் கண்ணைச் சுருக்கினார். என்ஜின் வயிற்றோடு போகும் ஒரு குழாயைக் காட்டினார். அந்த ஜாதி என்ஜினில் அந்தக் குழாய் மறுபக்கம்தான் இருக்குமாம். எல்லாப் படத்திலும் மறுபக்கம்தான். துரைமாரும் பார்த்துவிட்டு ஆமாம் ஆமாம் என்றார்கள்.

“அம்மிணி, ஸ்லைடு திரும்பியிருக்குது. எடுத்து மாத்திப் போடு.”

எடுத்தேன். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. ஸ்லைடை விளக்கோரம் சாய்த்துப் பார்த்தேன். மருந்துப் பக்கம் பின்னால் இருந்தது. புள்ளியையே தப்பான பக்கம் ஒட்டியிருக்கிறேன்.

திருப்பிப் போட்டேன். குழாய் சரியான பக்கம் வந்தது. துரைமார் கை தட்டினார்கள். அந்த ஆள் இடது கையைச் சக்கரத்தின் மேல் வைத்துக்கொண்டு நின்றார்.

மாமா ஸ்டூலுக்குத் திரும்பவில்லை. துணிக்குப் பக்கத்திலேயே நின்றார். பிறகு அடுத்த படம் என்றார்கள். போட்டேன்.

அன்றைக்கு என் கை தவறியதா? நானேதான் தவறவிட்டேனா?

அக்டோபர் 10, சனி

மாமா வீட்டுக்குப் போனேன். சுவரெல்லாம் சீமை ரயில் படம். என்னைப் பார்த்ததும் அவரே ஆரம்பித்தார். நேற்று கூட்டம் முடிந்து கேட் வரைக்கும் நடந்தபோது ராப்சன் துரையிடம் கேட்டாராம். துரைக்கு ஆள் பெயர் வரவில்லை. எந்த வண்டிக்கு எந்த ஃபயர்மேன் என்று யோசித்து, என்ஜின் நம்பரைச் சொல்லி, அதற்கப்புறம்தான் பெயர் வந்ததாம்.

“அந்த ஷெட்டுல ரெண்டு லூயிசு இருந்தானுங்களாம். ஒருத்தன் ஜுரத்துல போயிட்டான், காகிதம் உனக்கு மாறி வந்துடுச்சு. செத்தது இவன் இல்ல” என்றார் மாமா. 1919இல் ஊருக்குத் திரும்பும் கப்பலுக்குப் பெயர் எழுதினார்களாம். எல்லாரும் கொடுத்தார்களாம். “இவன் குடுக்கலையாம், அம்மிணி.”

அவர் வீட்டுக் கடிகாரம் ஐந்து நிமிஷம் முந்தி ஓடுகிறது. அதைச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நிஜமாகவே அதைத்தான் யோசித்தேன்.

நேற்றே கையைப் பார்த்துவிட்டாராம். “பாழாப்போன குழாய். நான் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம். இனி நீ சொன்னாத்தான் வெளிய தெரியும். நான் சொல்ல மாட்டேன்.”

அக்டோபர் 11, ஞாயிறு

இரண்டாம் ஓலை. காலஞ்சென்ற லூயிஸ் என்பவரின் விதவை. விக்கினம் தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். விக்கினம் தெரிந்தவள் நான்தான்.

அக்டோபர் 13, செவ்வாய்

வேலை. ஒரு குடும்பப் படத்தில் குழந்தை அசைந்துவிட்டது. மூக்கைச் சரிசெய்தேன்.

அக்டோபர் 14, புதன்

செலஸ்டினிடம் சொல்லிவிட்டேன். கோயில் படிக்கட்டுக்குக் கீழே, மழைக்கு ஒதுங்கி நின்றபோது. படம், புள்ளி, கப்பல், எல்லாவற்றையும். கேட்டுக்கொண்டே இருந்தார். வேறு யாருக்குத் தெரியும் என்றார். மாமாவுக்கு என்றேன். மாமா சொல்ல மாட்டார் என்றார்.

“நானுஞ் சொல்ல மாட்டனுங்க. அந்தாளு ஏழு வருசமாச் செத்துக் கிடக்கறாரு. அப்படியே கிடக்கட்டுமுங்க. நீங்க பேசாம இருந்தாப் போதும்.”

எவ்வளவு சுலபம். பேசாமல் இருப்பதுதான் எனக்கு நன்றாக வரும். சரி என்று தலையாட்டினேன்.

அக்டோபர் 16, வெள்ளி

இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்றாம் ஓலை. அது போனால் முடிந்தது. திரும்பத் திரும்ப இதையே சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் பூசைக்கு முன்னால் நின்று வார்த்தைப்பாடு கொடுக்க வேண்டுமே. நான் விதவை என்று சாமி முன்னால் நானே சொல்ல வேண்டுமே. பொய் சொல்லப் பயமா? அதுவும் இல்லை. செலஸ்டின் வீட்டில் அந்த ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வேலை செய்வேன். ஒருநாள் யாராவது கதவைத் தட்டுவார்கள். தபால்காரராக இருக்கும், தேயிலைக்காரராக இருக்கும். ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து நிற்பேன். அது என்னால் முடியாது.

அவர் அங்கே நன்றாகத்தானே நிற்கிறார்! காலை மடக்கிக்கொண்டு! ஒரு கார்டு எழுதினால் என்ன? செத்துட்டேன்னு நெனச்சு அழறாளேன்னு ஒரு வரி எழுதினா என்ன?

அக்டோபர் 17, சனி

சுவாமியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. பாஸ்ராவுக்கு எழுதிக் கேட்போம், பதில் வர ஒரு வருஷம்கூட ஆகலாம், அதுவரை ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். அதுவரை நான் யார், மனைவியா விதவையா என்று கேட்டேன். “பொறுத்திரு, பிள்ளாய்” என்றார்.

அக்டோபர் 18, ஞாயிறு

வேறு இரண்டு ஜோடிக்கு ஓலை வாசித்தார்கள். எங்கள் பெயர் வரவில்லை. முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. செலஸ்டின் ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து, நன்மை அப்பம் வாங்காமல், வெளியே போய்விட்டார்.

அக்டோபர் 21, புதன்

சந்தை. அவர் வரவில்லை.

அக்டோபர் 24, சனி

வந்தார். உள்ளே வரவில்லை. தேவாலாவில் ஒரு ஃபாக்டரியில் இடம் இருக்கிறதாம், போகிறாராம். “நாங் கேட்டது ஒண்ணே ஒண்ணுதானுங்க” என்றார். ஆமாம் என்றேன். அங்கே இங்கேயைவிட மழை அதிகம், கம்பளி எடுத்துப் போங்கள் என்று சொன்னேன். ஏன் அதைச் சொன்னேனோ.

அக்டோபர் 27, செவ்வாய்

ஹார்வி துரையிடமிருந்து சீட்டு. எட்டாவது படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வைத்துக்கொள்ளப் போகிறாராம். ஆனால் ஆள் நிற்பதால் சக்கரம் பாதி மறைகிறது. மசி தொட்டு ஆளை எடுத்துவிட முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

கையூம் பாய் சீட்டைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஓலை நின்ற பிறகு ஊரெல்லாம் தெரிந்த கதைதானே. “வேணாம்மா, முடியாதுன்னு எழுதிடறேன்” என்றார். நான் செய்கிறேன் என்றேன்.

அக்டோபர் 29, வியாழன்

இரண்டு நாள் வேலை. சக்கரத்தின் மறைந்த பக்கத்தில் எத்தனை ஆரக்கால் வர வேண்டும் என்று தெரியவில்லை. மாமாவுக்கு ஆள் அனுப்பிக் கேட்டேன். மொத்தம் பதினெட்டு என்று எழுதி அனுப்பினார். எதற்கு என்று கேட்கவில்லை.

முதலில் காலை எடுத்தேன். பிறகு உடம்பு, தலைத்துண்டு. கையைக் கடைசியில். அந்த இடத்தில் இரண்டு ஆரக்கால் போட்டு, கீழே மண் நிழல் கொடுத்தேன். அங்கே யாரும் நின்றதாகவே தெரியவில்லை. பாய் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, நான் செய்ததிலேயே இதுதான் சுத்தமான வேலை என்றார்.

அக்டோபர் 31, சனி

சாயந்தரம் கோயில் உபதேசியார் வந்தார். திங்கட்கிழமை கல்லறைத் திருநாள். பூசையில் வாசிக்க ஒவ்வொரு வீட்டிலும் இறந்தவர்கள் பெயர் வாங்குகிறார். ஏழு வருஷமாக என்னிடம் கேட்பதே இல்லை, அவரே லூயிஸ் என்று எழுதிக்கொள்வார். இன்றும் பென்சிலை நாக்கில் தொட்டு ‘லூ’ வரைக்கும் எழுதிவிட்டார். அப்புறம்தான் நினைவு வந்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

எழுத வேண்டாம் என்றேன். அடித்துவிட்டார்.

நல்ல மனிதர். வெறுமனே திரும்பிப் போக அவருக்கு மனசில்லை. உயிரோடு இருப்பவர்களுக்கும் ஒரு பட்டியல் இருக்கிறதாம், நோயாளிகள், தூர தேசத்தில் இருப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் வாசிப்பார்கள். “அதுல சேத்தரட்டுங்களா?” என்று கேட்டார்.

“வேண்டாமுங்க” என்றேன்.

அவர் குடையை விரித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.