பாதி காலியாக எரியும் சூளை

அன்புள்ள சொர்ணாம்பாள் அக்காவுக்கு, மோர்பி ஓட்டுக் கம்பெனியின் மண்குழைக்கும் மகாராஜா தம்பி பழமலை வணங்கி எழுதுவது. முட்டிவலி தேவலையா? நான் சுகம். சூளை வாயில் மீசை பாதி பொசுங்கியது. குஜராத்தை ஆள மீதிப் பாதி போதும்.

உன் கடிதம் படித்துத்தான் முழுதாக எரிகிறேன்! ஒரு வியாபாரி நீ செய்த கொலுப் பொம்மையைப் புகழ்ந்தானாம், உடனே “வூட்ட அடகு வச்சுப் பெரிய சூளை கட்டப் போறேன்டா” என்கிறாய். இருக்கிற சூளையே பாதி காலியாக எரிகிறது. காற்றைச் சுட்டு யாரிடம் விற்பாய்? நவராத்திரி முடிந்தால் அதில் பூனைதான் குடித்தனம் நடத்தும்.

அப்பா வீட்டில் எனக்கும் பங்கு உண்டு, கையெழுத்துப் போடமாட்டேன். கார்த்திகை விளக்கு, டீக்கடைக் கோப்பை என்று வருஷம் முழுக்க விற்கப் பார். சூளை நிறைந்த மறுநாளே வந்து பத்து விரலாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

வடகம் அனுப்பு, இங்கே பருப்பிலும் சர்க்கரை. சீக்கிரம் சூளையை நிரப்பு அக்கா, ஊருக்கு வர எனக்கும் ஒரு சாக்கு வேண்டும்.

பழமலை